சேஷாசலத்துச் செம்மரமும் மூன்றாண்டுக்கு ஒரு படிவமும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் செம்மரம் என்றாலே கடத்தல் செய்திதான் நினைவுக்கு வருகிறது. அந்த மரத்தின் வைரக்கட்டையைத் தண்ணீர் விட்டுக் கல்லில் இழைத்து, வீக்கத்துக்கும் கட்டிக்கும் பற்றுப் போடுவது நெடுநாள் வழக்கம். இதிலிருந்து ஒரு நிறுவனம் மருந்தோ பூச்சோ உருவாக்கிக் காப்புரிமை கேட்டால், மரம் விளைந்த ஊருக்குப் பங்கு உண்டா? உண்டு என்கிறது சட்டம். மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்கா 1995இல் காப்புரிமை கொடுத்தது. இந்தியா போராடி 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. அதன்பின், 2002இல் திருத்தப்பட்ட நம் காப்புரிமைச் சட்டம், உயிரியல் பொருளைப் பயன்படுத்தும் விண்ணப்பதாரர் அது எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும் என்றது. அதே ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், காப்புரிமைக்கு முன்பே தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்றது; ஊருக்கான பங்கு அந்த அனுமதியோடு சேர்ந்தே முடிவாகும்.

2024இல் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. மார்ச் 15 அன்று வந்த காப்புரிமை விதித் திருத்தம், 27ஆம் படிவத்தை ஆண்டுதோறும் தராமல் மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்றது. கண்டுபிடிப்பு நாட்டில் பயன்பாட்டுக்கு வந்ததா என்று சொல்லும் படிவம் அது; ஈட்டிய வருவாயை எழுத வேண்டிய கட்டாயமும் இப்போது இல்லை. ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பல்லுயிர்ச் சட்டத் திருத்தம், இந்திய நிறுவனங்கள் காப்புரிமைக்கு முன் ஆணையத்தில் பதிவு செய்தால் போதும், வணிகத்துக்குக் கொண்டுவரும்போது அனுமதி பெறலாம் என்றது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சிறு சலுகைகள். சேர்த்துப் படித்தால்தான் சிக்கல் புரியும்: அனுமதி வணிகம் தொடங்கும் நாளைப் பொறுத்தது, அந்த நாளை வெளியில் இருப்பவர் அறியக் காப்புரிமைச் சட்டம் தந்த ஆவணமோ மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதற்குள் மரமும் வெட்டப்பட்டிருக்கும், பொருளும் விற்றுப்போயிருக்கும்.

27ஆம் படிவம் வெறும் காகித வேலை, சிறு கண்டுபிடிப்பாளரை வாட்டுகிறது என்பார்கள். அந்தச் சுமை உண்மைதான். ஆனால் அந்தக் காகிதம் எவ்வளவு வேலை செய்யும் என்பதை 2012இல் பார்த்தோம். மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்ற நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்குத் தயாரித்து விற்க நாட்கோ நிறுவனம், காப்புரிமையாளரின் சம்மதமின்றி அரசு தரும் கட்டாய உரிமம் பெற்றபோது, மருந்து போதிய நோயாளிகளுக்குச் சேரவில்லை என்று காட்ட, காப்புரிமை வைத்திருந்த பேயர் தானே தாக்கல் செய்த 27ஆம் படிவங்களும் உதவின. வீண் ஆட்சேபங்கள் காப்புரிமையைத் தாமதப்படுத்துகின்றன என்பது அடுத்த வாதம். அதற்காக, காப்புரிமை தருவதற்கு முன் யாரும் கட்டணமின்றி ஆட்சேபிக்கலாம் என்ற வழியில் இப்போது கட்டணம் வைத்திருக்கிறார்கள். ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் முடிவெடுப்பார். பெரிய நிறுவனத்துக்கு அந்தக் கட்டணம் ஒரு பொருட்டல்ல. செம்மரம் விளையும் சேஷாசல மலை அடிவாரத்து ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு அது வாசலிலேயே தடுக்கும் படி.

சலுகையை முழுவதும் திரும்பப் பெற வேண்டியதில்லை. உயிரியல் வளம் சார்ந்த காப்புரிமைகளுக்கு மட்டும் ஆண்டு அறிக்கையை மீட்டு, வணிக அனுமதிகளை மாவட்ட வாரியாகத் தெலுங்கிலும் வெளியிட்டு, ஊராட்சிக் குழுக்களுக்கு ஆட்சேபக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். இதற்கு விதித் திருத்தமே போதும். ஒன்றிய அரசு அதைச் செய்ய வேண்டும்.