சாமியார் கோட்டையும் 51 நாள் முற்றுகையும்!

நல்ல படிப்பு, கை நிறைய சம்பளம், விவரமான பேச்சு... இப்படிப்பட்ட ஆள் ஒரு சாமியார் பின்னாடி போய் உயிரை விடுவாரா? 'சான்ஸே இல்லை' என்கிறீர்களா? அப்போ 'வேகோ: த ரூல்ஸ் ஆஃப் எங்கேஜ்மென்ட்' டாகுமென்டரியை அவசியம் பாருங்கள். 1997-ல் வந்து ஆஸ்கர் நாமினேஷன் வரை போன படம்.

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் ஆபீஸ் என்று அல்லாடும் எனக்கு ரயில்தான் தியேட்டர், செல்போன்தான் ஸ்கிரீன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் என்று தவணை முறையில் பார்த்து முடித்தேன்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம், வேகோ ஊருக்கு வெளியே 'பிராஞ்ச் டேவிடியன்' கூட்டம். தலைவர் டேவிட் கொரேஷ், வயசு 33. பைபிளில் வரும் ஏழு முத்திரைகளைத் திறக்க ஐயாவால் மட்டும்தான் முடியுமாம்! சட்டவிரோத ஆயுதம் இருக்கிறது என்று 1993 பிப்ரவரி 28-ம் தேதி அதிகாரிகள் ரெய்டு போனார்கள். வெடித்தது துப்பாக்கிச் சண்டை. அன்று அதிகாரிகள் 4 பேர், உள்ளே இருந்தவர்கள் 6 பேர் பலி.

அப்புறம் 51 நாள் முற்றுகை. பேசிப் பேசியே 35 பேரை வெளியே கொண்டுவந்தார்கள். அதில் 21 பேர் குழந்தைகள். ஒருபக்கம் பேச்சு நடக்க, மறுபக்கம் கரன்ட் கட், ராத்திரியெல்லாம் ஸ்பீக்கரில் காது கிழிகிற சத்தம். (நம்ம ஊர் ஆடி மாச மைக் செட் எல்லாம் தாலாட்டு!) ஏப்ரல் 19-ம் தேதி டாங்கி மாதிரி வண்டிகளை விட்டுச் சுவரை இடித்து, கண்ணீர்ப் புகை அடித்தார்கள். மதியம் தீ. 76 பேர் செத்துப் போனார்கள். அதில் 20-க்கும் மேல் குழந்தைகள்.

முற்றுகைக்கு நடுவே உள்ளே இருந்தவர்களே எடுத்த வீடியோ படத்தில் வருகிறது. பேய் பிடித்த முகங்கள் இல்லை. பக்கத்து வீட்டு முகங்கள். ஹார்வர்டில் சட்டம் படித்த வக்கீல்கூட அந்தக் கூட்டத்தில் உண்டு!

ஒன்று சொல்லவேண்டும். அதிகாரிகளே உள்ளே சுட்டார்கள் என்று படம் வாதாடுகிறது. 2000-ல் வந்த டான்ஃபோர்த் விசாரணை அறிக்கை அதை மறுத்து, தீ வைத்தது உள்ளே இருந்தவர்கள்தான் என்றது. எனவே, வக்கீல் வாதத்தைக் கேட்கிற மாதிரி கேளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'அதெல்லாம் அமெரிக்கா சார்' என்று தப்பிக்க முடியாது. ஹரியானாவில் ராம்பால் என்று ஒருவர். பழைய உத்தியோகம்? நீர்ப்பாசனத் துறையில் ஜூனியர் இன்ஜினீயர்! கோர்ட் அவமதிப்பு வழக்கில் ஆஜராகாமல் டிமிக்கி கொடுத்தார். 2014 நவம்பரில் பர்வாலா ஆசிரமத்துக்குப் போலீஸ் போனால், எதிரே பெண்களும் குழந்தைகளும் மனிதச் சுவர். நவம்பர் 19-ம் தேதி இரவு சாமியார் கைதானார். அதற்குள் 5 பெண்களும் ஒரு கைக்குழந்தையும் பிணமாகியிருந்தார்கள். 'எங்களை வெளியே விடவில்லை' என்று தப்பி வந்த பக்தர்களே சொன்னார்கள். 2018-ல் ஹிசார் கோர்ட் ராம்பாலுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இதையெல்லாம் ரயில் சிநேகிதர் ஒருவரிடம் சொன்னேன். வழக்கமாக ஜோக் அடிப்பவர், அன்று சிரிக்கவில்லை.

"என் மச்சினன் ஒரு மடத்துல போய் உட்கார்ந்துட்டான் சார். ரெண்டு மாசமா வீட்டுக்கு வரலை. போன் பண்ணா, சாமியாரைத் திட்டுவேன். அவன் கட் பண்ணிடுவான்."

"திட்டாம பேசிப் பாருங்களேன். அம்மாவுக்கு உடம்பு எப்படி, குழந்தை என்ன படிக்குது... அதைச் சொல்லுங்க. வேகோவில 35 பேர் பேச்சாலதான் வந்தாங்க. ஸ்பீக்கர் சத்தத்துக்கு யாரும் வரலை."

"வருவானா?"

"தெரியலை. ஆனா வரணும்னு தோணும்போது, கூப்பிட அவனுக்கு ஒரு நம்பர் வேணுமில்ல?"

திண்டிவனம் வந்தது. பிளாட்பாரத்தில் இறங்கியதும் அவர் போனை எடுத்தார். "மாப்ளே, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தார். சாமியார் பேச்சையே எடுக்கவில்லை!