யார் ஜெயிப்பார்?

கேண்டிடேட்ஸ் சதுரங்கப் போட்டி நெருங்கினால், "யார் சார் ஜெயிப்பார்?" என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. எட்டுப் பேர், 14 சுற்றுகள். முதலிடம் பெறுபவருக்கு மட்டுமே உலக சாம்பியனுடன் மோதும் உரிமை.

பலர் ரேட்டிங்கைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதிக் கணக்குதான். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த போட்டியைப் பாருங்கள். பட்டியலின் உச்சியில் அமெரிக்காவின் கருவானா, அடுத்து நாகமுரா. முந்தைய இரு போட்டிகளையும் வென்றவர் ரஷ்ய வீரர் நெபோம்னியாச்சி. சென்னையின் குகேஷ், வயது 17, ரேட்டிங்கில் எட்டில் ஆறாவது. அவர் வெல்வார் என்று கார்ல்சனே நினைக்கவில்லை.

நெபோம்னியாச்சி ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. ஆனால் 3 வெற்றி, 11 டிரா, 8½ புள்ளிதான். கருவானா, நாகமுராவுக்கும் அதே 8½. குகேஷோ 7ஆம் சுற்றில் ஃபிரூஜாவிடம் தோற்றார். அடுத்த சுற்றிலேயே கறுப்புக் காய்களுடன் விதித் குஜராத்தியை வென்றார். 13ஆம் சுற்றில் அதே ஃபிரூஜாவையும் வீழ்த்தினார். 5 வெற்றி, 8 டிரா, 9 புள்ளி. அரைப் புள்ளியில் முதலிடம். அவ்வாண்டு டிசம்பரில் உலக சாம்பியனும் ஆனார்.

முதலிடம் மட்டுமே கணக்கில் வரும் போட்டியில், தோற்காமல் இருப்பது மட்டும் போதாது. ஆகவே அடுத்த பட்டியல் வந்ததும் ரேட்டிங்குடன் இதையும் கவனியுங்கள்: வெற்றிக்குத் துணிபவர் யார், தோற்றபின் எழுபவர் யார்? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.