ரிப்பன் கடையும் முன்னுரையும்

பண்பாட்டுப் பரிவர்த்தனை என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது தூதரகம், குத்துவிளக்கு, சால்வை, இரண்டு நாள் கருத்தரங்கு. இருபதாம் நூற்றாண்டின் மிகக் காத்திரமான பரிவர்த்தனை ஒன்று அகதிக் கப்பலில் நடந்தது. 1941 மார்ச் கடைசியில் ‘கப்பித்தேன் போல்-லெமெர்ல்’ என்ற கப்பல், நாஜிகளுக்குத் தப்பியவர்களை அடைத்துக்கொண்டு மார்செய் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. சர்ரியலிசத்தின் பிதாமகர் ஆந்த்ரே ப்ரெதோன், மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ், நாவலாசிரியர் அன்னா சீகர்ஸ், கியூப ஓவியர் விஃப்ரெதோ லாம் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஏப்ரலில் பிரெஞ்சுக் காலனியான மார்த்தினீக் தீவை அடைந்தால் அங்கேயும் விஷி ஆட்சிதான். இறங்கியவர்களை முகாமில் போட்டார்கள்.

முகாமிலிருந்து வெளியே வந்த ப்ரெதோன், மகளுக்கு ரிப்பன் வாங்க ஒரு கடைக்குள் போகிறார். அங்கே ‘த்ரோப்பிக்’ என்ற சிறுபத்திரிகையின் முதல் இதழ் கிடக்கிறது. கடைக்காரப் பெண்மணி, பத்திரிகைக்காரர்களில் ஒருவரான ரெனே மெனிலின் சகோதரி. அவர் வழியாகப் பள்ளி ஆசிரியரும் கவிஞருமான எமே செசேருடன் சந்திப்பு. (சிறுபத்திரிகைக்கு விற்பனை முகவர் என்பவர் எந்த ஊரிலும் யாரோ ஒருத்தருடைய அக்காளோ மச்சானோதான் போலிருக்கிறது.)

இந்தக் கதை ‘ப்ரெதோன் செசேரைக் கண்டுபிடித்தார்’ என்றே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்த மாதிரி. செசேரின் நெடுங்கவிதை ‘தாய்மண்ணுக்குத் திரும்புதலின் குறிப்பேடு’ 1939இலேயே பாரீஸ் பத்திரிகையொன்றில் வந்துவிட்டது. செங்கோர், தமா ஆகியோருடன் சேர்ந்து நெக்ரித்யூத் என்ற கருத்தை அவர் உருவாக்கியது 1930களில். சர்ரியலிசம் தனக்குப் புதிதாக எதையும் தரவில்லை, தான் தேடிக்கொண்டிருந்ததை உறுதிப்படுத்தியது என்பதே செசேரின் நிலைப்பாடு.

1943இல் ப்ரெதோன் செசேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1947 பதிப்புக்கு அதுவே முன்னுரையானது. பிரெஞ்சு மொழியை இன்று எந்த வெள்ளையரும் கையாள முடியாத அளவுக்கு ஒரு கறுப்பர் கையாள்கிறார் என்கிற பொருளில் அதில் ஒரு பாராட்டு வருகிறது. 1952இல் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ எழுதிய ஃபானோன் இந்த இடத்தைத்தான் பிடித்தார். செசேர் படித்தவர், மார்த்தினீக்கில் பிறந்தவர், பிரெஞ்சு அவர் மொழி. இதில் வியக்க என்ன இருக்கிறது? ‘இருந்தும்’ என்ற சொல் எழுதப்படாமலே பிரதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ப்ரெதோனுக்குக் கெட்ட நோக்கம் கிடையாது, காலனியத்தை எதிர்த்தவர். ஆனால் சொல்லாடலின் அதிகாரம் தனிமனித நல்லெண்ணத்தைப் பார்த்துச் செயல்படுவதில்லை. ‘த்ரோப்பிக்’ பக்கங்களில் சர்ரியலிசத்தைத் தீவுக்கான அரசியலாக எழுதியவர் சுசான் செசேர். ப்ரெதோன் கட்டுரையில் அவருக்குக் கிடைத்தது அழகைப் பற்றிய ஓர் உவமை, அவ்வளவுதான்.

மையம் விளிம்பை அங்கீகரிக்கிற இந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதை ஓடியது. அதே கப்பலில் வந்த லாம் செசேரோடு சிநேகமாகி, அங்கிருந்து கியூபா போய்ச் சேர்ந்தார். 1943இல் ஹவானாவில் ‘குறிப்பேடு’ ஸ்பானிஷில் வெளியானது. மொழிபெயர்ப்பு லிதியா கப்ரேரா, ஓவியங்கள் லாம். அந்தக் கவிதை உலகத்தில் முதன்முதலாகத் தனிநூலாக ஆனது இதுதான். பாரீசில் இல்லை, பிரெஞ்சில்கூட இல்லை. பக்கத்துத் தீவில், பக்கத்து மொழியில். தலைகீழாக, கப்ரேரா தொகுத்த கியூபக் கறுப்பர் கதைகள் 1936இல் பாரீசில் பிரெஞ்சில் முதலில் வந்து, 1940இல்தான் ஸ்பானிஷில் வந்தன. தீவுக்குத் தீவு நேர்ப்பேச்சு என்று இதைக் கொண்டாடவும் முடியாது: ஹவானா பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் பெஞ்சமின் பெரே, அவரும் பிரெஞ்சு சர்ரியலிஸ்ட்தான். முன்னுரை என்ற சுங்கச்சாவடியை யாரும் சுலபமாகத் தாண்டுவதில்லை.

லாமின் கதை இன்னும் சிக்கல். தகப்பனார் சீனர், தாய் வழியில் ஆப்பிரிக்க ரத்தம், ஞானத்தாய் சாந்தேரியாச் சடங்குகளை நடத்திய பூசாரி. 1923இல் ஸ்பெயின் போனவர் 1938இல் பாரீசில் பிக்காஸோவிடம் வந்து சேர்கிறார். ஆப்பிரிக்கச் சிற்பம் பற்றி லாமுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பிக்காஸோ தன் நண்பர் லெய்ரிஸிடம் சொன்னதாகச் சொல்வார்கள். தன் வீட்டுத் தெய்வங்களைப் பாரீஸ் மியூசியத்தின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்க நேர்ந்த ஆள்! ஊர் திரும்பிய பிறகு 1942-43இல் அவர் வரைந்த ‘காடு’ ஓவியத்தில் கரும்புத் தட்டைகளுக்கு நடுவே முகமூடி முகங்களும் பெரிய பாதங்களும் நிற்கின்றன. கியூபாவில் அடர்வனமே கிடையாது என்று லாமே சொல்லியிருக்கிறார். அது கரும்புத் தோட்டம். அடிமைகளின் வேர்வை விளைந்த இடம். பிக்காஸோ ஆப்பிரிக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டதை லாம் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

நியூயார்க் நவீனக் கலை மியூசியம் 1945இல் அதை வாங்கியது. பிறகு நெடுங்காலம் அது தொங்கியது பிக்காஸோவுக்குப் பக்கத்தில் அல்ல, பார்வையாளர்கள் கோட்டைக் கழற்றி வைக்கும் அறைக்குப் போகிற வழியில். 1988இல் ஜான் யாவ் எழுதிய கட்டுரையின் தலைப்பே கோட்டு அறைக்கு அருகே காத்திருக்கச் சொல்வதுதான்.

நமக்கும் இதில் ஒரு வால் இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்தபின் 1853 முதல் மார்த்தினீக்குக்குக் கரும்பு வெட்டப் போன இந்தியக் கூலிகளில் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறிய தமிழர்கள். செசேர் பிறந்த பாஸ்-புவாந்த் வட்டாரத்தில் அவர்கள் சந்ததியினரின் கோயில்கள் உண்டு. மாரியம்மன் அங்கே மாலியெமின், மதுரைவீரன் மல்தேவிலன், கிடாவெட்டும் உண்டு. ‘குறிப்பேடு’ கவிதையில் செசேர் உலகத்து ஒடுக்கப்பட்டவர்களோடெல்லாம் தன்னை அடையாளம் காணும் இடத்தில் ஓர் இந்தியனும் வருகிறான். பிள்ளைப் பருவத்தில் பக்கத்துத் தோட்டத்தில் அவர் பார்த்திருக்கக்கூடிய ஆள்தான். ஆனால் கவிதைக்குள் வரும்போது அவன் கல்கத்தாக்காரன்.