அண்ணாச்சி, ஒரு விண்ணப்பம்!

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக் கடைவீதியிலும் கூட்டம்தான். கைக்குழந்தையோடு போகும் நாம் தண்ணீர்கூடக் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, நீர்க்கடுப்போடு வீடு திரும்புகிறோம்.

கடைக்காரர்கள் சேர்ந்தால் இதற்கு வழி பிறக்காதா? 1970-ல் கனடாவின் டொராண்டோ நகரில், ப்ளூர் வீதிக் கடைக்காரர்கள் எல்லோரும் பங்கு கட்டி, வீதிக்கு விளக்கும் மரமும் வைத்தார்கள். கைவிட்டுப் போன வியாபாரம் திரும்பியது. நம்மூரில் மொட்டையாய் நின்ற காசி விசுவநாதர் கோயில் கோபுரமும் நன்கொடை திரட்டித்தானே 1990-ல் ஒன்பது நிலையாய் எழுந்தது!

அடுத்த முறை துணி எடுக்கப் போகையில் கேளுங்கள்: "அண்ணாச்சி, எல்லாக் கடையும் சேர்ந்து பெண்களுக்கு ஒரு கழிப்பிடமும், பால் கொடுக்க ஓர் அறையும் கட்டினா என்ன? கட்டினா மட்டும் போதாது. தினம் கழுவுற ஆளுக்கு மாசாமாசம் பங்கு போடுங்க."

நாம் நிதானமாக வாங்கினால் லாபம் அவருக்கும்தானே!