ரவுட்டர் தானாக எழுதிக்கொள்ளும் வரி

சிஸ்கோ நிறுவனத்தின் பழைய ரவுட்டர் ஒன்றுக்குள் நுழைந்து அதன் கான்ஃபிக்கை, அதாவது அமைப்புகளின் பட்டியலைப் படித்தால், யாரும் தட்டச்சு செய்யாத ஒரு வரி கண்ணில் படும். ‘என்டிபி கிளாக்-பீரியட்’ என்று தொடங்கி எட்டு இலக்க எண்ணோடு முடியும். அந்த எண் 17179869-ஐ ஒட்டியே இருக்கும். ஆனால் ரவுட்டருக்கு ரவுட்டர் கடைசி இலக்கங்கள் மாறும். அதே ரவுட்டரில் நாளை பார்த்தாலும் மாறியிருக்கலாம்.

காரணம் அதன் கடிகாரம். அது 4 மில்லி விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. ஒரு விநாடியை 2-இன் 32-ஆம் அடுக்கு அளவுக்கு, அதாவது சுமார் 429 கோடித் துணுக்குகளாக நறுக்கினால், ஒரு துடிப்புக்குள் 17179869 துணுக்குகள் அடங்கும். இது கணக்கு. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகமோ வெப்பத்துக்கும் வயதுக்கும் ஏற்பக் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். வெளியே உள்ள நேர சர்வரோடு ஒப்பிட்டுத் தன் பிசகை அறிந்துகொள்ளும் ரவுட்டர், அதற்கேற்ப இந்த எண்ணைத் திருத்தி எழுதிக்கொள்கிறது. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினால் எண் 172 நகரும். நாளொன்றுக்கு ஒரு விநாடிகூட ஆகாத அந்தப் பிசகு, கான்ஃபிக்கில் ஒரு ‘மாற்றமாக’ப் பதிவாகிவிடுகிறது.

நெட்வொர்க் கருவிகளின் கான்ஃபிக்கை பேக்கப் எடுக்கும் மென்பொருளுக்கு இந்த வரி ஒரு தொல்லை. எந்த மென்பொருளை வாங்கலாம் என்று யோசிப்பவருக்கோ நல்ல உரைகல்.

கான்ஃபிக் என்பது பெரும்பாலும் வெறும் எழுத்துதான். எந்த போர்ட் எந்த விலேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில்) இருக்க வேண்டும், எந்த முகவரிக்கு எந்த வழி, யாரை உள்ளே விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று சில நூறு வரிகள். பெரிய கருவி என்றால் பல ஆயிரம். அந்த வரிகள் போய்விட்டால் கருவி வெறும் தகரப்பெட்டி. 2018 ஏப்ரலில் உலகம் இதைப் பார்த்தது. சிஸ்கோ ஸ்விட்ச்களில் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ என்றொரு வசதி உண்டு. புது ஸ்விட்ச்சைச் செருகினால் போதும், அது தன் கான்ஃபிக்கைத் தானே வாங்கிக்கொள்ளும். வாங்கும்போது எதிரே இருப்பது யார் என்று கேட்பதில்லை. இணையத்துக்குத் திறந்து கிடந்த அந்தக் கதவு வழியே நுழைந்தவர்கள் கான்ஃபிக்கை அழித்துவிட்டு, அமெரிக்கக் கொடியை எழுத்துகளால் வரைந்து வைத்துப் போனார்கள். உலகெங்கும் இரண்டு லட்சம் கருவிகள், ஈரானில் மட்டும் 3,500 என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு அமைச்சகம் சொன்னது. ஒரு கருவியும் உடையவில்லை, ஒரு கம்பியும் அறவில்லை. போனதெல்லாம் எழுத்து.

நகல் எடுப்பதில் பெரிய வித்தை இல்லை. இந்தத் துறையின் மூத்த இலவச மென்பொருள் ரான்சிட், 1990-களில் பிறந்தது. மனிதரைப் போலவே ரவுட்டருக்குள் லாகின் செய்து, ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ என்று தட்டி, திரையில் ஓடுவதை அப்படியே எடுத்து வைக்கும். பிறகு வந்த ஆக்ஸிடைஸ்டும் அடிப்படையில் இதையேதான் செய்கிறது. மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ களஞ்சியத்தில் நகல்களைப் போட்டு வைக்கும் வசதியும் அதில் உண்டு. கட்டண மென்பொருள்கள் அழகான திரைகளையும் தணிக்கை அறிக்கைகளையும் சேர்த்துத் தருகின்றன. சென்னையின் ஸோஹோவும் மேனேஜ்இன்ஜின் என்ற பெயரில் இப்படி ஒன்றை விற்கிறது. அது வியப்பில்லை, 1996-இல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கியபோதே நெட்வொர்க் மேலாண்மைதான் அந்நிறுவனத்தின் தொழில்.

வித்தை இருப்பது நேற்றைய நகலையும் இன்றைய நகலையும் ஒப்பிடுவதில். இதற்கான ‘டிஃப்’ நிரலைப் பற்றி ஜேம்ஸ் ஹன்ட்டும் டக்ளஸ் மெக்கில்ராயும் 1976-இல் பெல் ஆய்வகத்தின் அறிக்கையாக எழுதினார்கள். இரண்டு கோப்பிலும் அதே வரிசையில் வரும் பொதுவான வரிகளின் மிக நீளமான தொடரைக் கண்டுபிடி. அதில் சேராமல் மிஞ்சுவதெல்லாம் மாற்றம். 1986-இல் இதற்கு வேகமான வழி ஒன்றைக் காட்டினார் யூஜீன் மையர்ஸ். கிட் இன்று இயல்பாகப் பயன்படுத்துவது அவர் வழியைத்தான். அதே மையர்ஸ்தான் மரபணு வரிசைகளில் ஒற்றுமை தேடும் ‘பிளாஸ்ட்’ கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர்; மனித மரபணுத் தொகுதியைத் துண்டுகளிலிருந்து ஒட்டிச் சேர்த்த பணியிலும் இருந்தார். டிஎன்ஏவையும் ஸ்விட்ச் கான்ஃபிக்கையும் ஒரே மனிதரின் கணக்கு தொட்டிருக்கிறது என்பது எனக்கு அலுக்காத செய்தி.

ஆனால் டிஃப்புக்கு அர்த்தம் தெரியாது. கடிகாரம் 172 துணுக்கு நகர்ந்ததும், யாரோ ஃபயர்வாலில் ஓட்டை போட்டதும் அதற்கு ஒன்றே: ஒரு வரி மாறியது. ஃபோர்டிகேட் ஃபயர்வால்களில் இன்னும் வேடிக்கை. மறையாக்கம் செய்த பாஸ்வேர்டை ஒவ்வொரு முறை காட்டும்போதும் வேறு உருவில் காட்டும்; எதையும் தொடாமலேயே தினமும் ‘மாற்றம்’. வரிசையிலும் சிக்கல் உண்டு. அணுகல் பட்டியலில் முதலில் பொருந்தும் விதியே செல்லும் என்பதால், இரண்டு வரிகள் இடம் மாறினால் பாதுகாப்பே மாறிவிடும். பயனர் பெயர்கள் இடம் மாறினாலோ ஒன்றுமில்லை. எதை விடலாம், எதை அடுக்கி ஒப்பிடலாம், எதை வைத்த இடத்தில் வைத்தே ஒப்பிட வேண்டும் என்பதை ஒவ்வொரு கம்பெனியின் ஒவ்வொரு கருவிக்கும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். ரான்சிட்டின் மதிப்பு பல ஆண்டுகளாகச் சேர்ந்த இந்த அறிவில்தான் இருக்கிறது. விற்பனையாளர் எத்தனை நூறு கருவிகளை ஆதரிக்கிறோம் என்று சொல்வது முக்கியமில்லை. உங்களிடம் உள்ள கருவியில் எதையும் தொடாமல் ஒரு வாரம் ஓடவிட்டு, எத்தனை எச்சரிக்கை மின்னஞ்சல் வருகிறது என்று பாருங்கள். தினமும் பொய்ச் செய்தி வந்தால் பத்தாம் நாள் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்; உண்மையான செய்தியும் அதோடு புதையும்.

அடுத்து சாவி. எல்லாக் கருவிக்குள்ளும் நுழைய வேண்டிய மென்பொருளிடம் எல்லாக் கருவியின் லாகினும் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுச் சாவியையும் ஒரே காவலாளியிடம் கொடுத்து வைத்தது போல. 2020 டிசம்பரில் அம்பலமான சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் கெட்டுப்போனது ஓரியன் என்ற நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள். நச்சு நிரல் கலந்த அதன் அப்டேட்டைச் சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் இறக்கியிருக்கலாம் என்று அந்நிறுவனமே சொன்னது. 2025-இல் ஃபயர்வால் நிறுவனமான சோனிக்வால், தன் கிளவுடில் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த ஃபயர்வால் பேக்கப் கோப்புகளை வெளியார் எடுத்துவிட்டதாக அறிவித்தது. முதலில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள். அடுத்த மாதம், அந்தச் சேவையைப் பயன்படுத்திய எல்லாருமே என்றார்கள்.

அப்படியானால் பாஸ்வேர்டுகளை நீக்கிவிட்டு நகலை வைக்கலாமே? ரான்சிட்டில் அந்த வசதி உண்டு. ஆனால் நீக்கிய நகலை அப்படியே திரும்ப ஏற்ற முடியாது. நீக்காமல் வைத்தால், சிஸ்கோவின் ‘டைப் 7’ பாஸ்வேர்டுகள் நொடியில் அவிழ்ந்துவிடும். அது மேலோட்டமாக மறைக்க மட்டுமே. நான் சாயும் பக்கம் இது: முழு நகலையும் வை, வைக்கும் இடத்தைப் பூட்டு, மென்பொருளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடு. ‘ஒரே கிளிக்கில் எல்லாக் கருவியையும் மாற்றலாம்’ என்ற வசதி சிறிய அலுவலகத்துக்குத் தேவையே இல்லை. உங்களுக்கு ஒரு கிளிக் என்றால் திருடனுக்கும் ஒரு கிளிக்தான்.

கடைசியில், திரும்ப ஏற்றுவது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிஸ்கோவில் ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக்கின் மேல் பழைய கோப்பை ஏற்றினால், பழையது புதியதை மாற்றாது, அதோடு கலந்துவிடும். நேற்று தவறாகச் சேர்த்த வரி பழைய கோப்பில் இல்லை என்பதற்காக ரவுட்டர் அதை நீக்காது. நீக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். ‘கான்ஃபிகர் ரிப்ளேஸ்’ கட்டளை அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு, நீக்க வேண்டியதைத் தானே நீக்கும். ஜூனிப்பர் கருவிகள் முந்தைய 49 கான்ஃபிக்குகள் வரை உள்ளேயே வைத்திருக்கும். மாற்றத்தைப் பத்து நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் தானாகப் பழையதற்கே திரும்பும் கட்டளையும் அவற்றில் உண்டு. தன்னைத் தானே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்ளும் இன்ஜினியருக்காகவே செய்தது.

எழுத்து முழுதாகத் திரும்பினாலும் கருவி முழுதாகத் திரும்பாது. பல சிஸ்கோ ஸ்விட்ச்களில் விலேன் பட்டியல் கான்ஃபிக்கில் இருப்பதில்லை. ஃபிளாஷ் நினைவகத்தில் தனிக் கோப்பாகக் கிடக்கும். எஸ்எஸ்எச் சாவிகளும் திரையில் ஓடும் எழுத்தில் வராது. மாறாக, புதுக் கருவிக்குப் போகக் கூடாத ஒன்று நகலில் இருக்கும்: செத்துப்போன ரவுட்டரின் படிகத்துக்கு மட்டுமே உரிய அந்தக் கடிகார எண்.

எனவே வாங்குவதற்கு முன் உதிரி ஸ்விட்ச் ஒன்றை எடுத்து, கான்ஃபிக்கையும் விலேன் கோப்பையும் அழித்து, மென்பொருள் வைத்திருக்கும் நகலை மட்டும் கொண்டு அதை உயிர்ப்பிக்கச் சொல்லுங்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, கன்சோல் கேபிள் வழியாக மட்டும். விற்பனையாளரின் டெமோவில் இது இருக்காது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.