செய்தித் தொழிலும் உபகாரச் சம்பளமும்

மருத்துவம் பயில்வார்க்கும் பொறியியல் பயில்வார்க்கும் உபகாரச் சம்பளம் அளித்தல் தக்கது என்பதை ஒருவரும் மறுப்பதில்லை. அவர் கற்ற கல்வி நாளை ஒரு நோயாளியின் உயிரைக் காக்கும். ஓர் ஆற்றின் மீது பாலமாக நிற்கும். ஆயின், பத்திரிகைத் தொழிலையோ, வானொலி, தொலைக்காட்சி முதலிய செய்தித் தொழில்களையோ மேற்கொள்ள விரும்பும் மாணாக்கர்க்கு அவ்வுதவி எற்றுக்கு என வினவுவாரும் உளர். எழுத வல்லவன் எவ்வாறேனும் எழுதுவான். பேச வல்லவன் எவ்வாறேனும் பேசுவான். அதற்குக் கலாசாலைப் பயிற்சியும் பிறர் பொருளும் வேண்டா என்பது அவர் கருத்து. அக்கருத்துப் பொருந்தாது என்பதையும், அவ்வுதவி எவ்வாறு அமைதல் நன்று என்பதையும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த சில வரலாறுகளைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ஒன்று கூறுவோம். ஏனைத் தொழில்களில் தொழிலாளி எக்குடியிற் பிறந்தான் என்பது அவன் செய்த பொருளிற் புலப்படுவதன்று. தச்சன் செல்வனாயினும் வறியனாயினும் அவன் செய்த நாற்காலி நாற்காலியே. செய்தித் தொழிலோ அத்தகையதன்று. எது செய்தி, எது செய்தியன்று என்று தெரிந்தெடுப்பவன் தான் கண்ட வாழ்க்கையைக் கொண்டே தெரிந்தெடுக்கின்றான். குடிநீருக்குக் குடம் ஏந்தி நின்றறியாதவன் கண்ணுக்கு அவ்வரிசை ஒரு காட்சியே. நின்றறிந்தவனுக்கோ அஃது ஒரு வினா. பொருளுடையார் வீட்டுப் பிள்ளைகளே இத்தொழிலிற் புகுவராயின், நாட்டின் பெரும்பகுதி தன் வாயால் தன் செய்தியைக் கூறாது, பிறர் வாயால் கூறப்படுவதாய் முடியும். ஆதலின் செய்தித் தொழில் பயில்வார்க்கு அளிக்கும் உதவி ஒருவனுக்கு அளிக்கும் தருமம் மட்டுமன்று. அவனைப் போன்ற பலர்க்கு ஒரு நாவை அளிப்பதுமாகும்.

இனி, இத்துறையில் வறிய மாணாக்கனுக்குத் தடையாவது கலாசாலைக் கட்டணம் ஒன்றே என எண்ணுதல் கூடாது. பத்திரிகை நிலையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் உள்ளன. ஆங்குச் சென்று சில திங்கள் பயிற்சி பெறுதல் இத்தொழிலுக்கு இன்றியமையாதது. அப்பயிற்சிக் காலத்தில் பலவிடங்களில் ஊதியம் இல்லை. இருப்பினும் அஃது அறை வாடகைக்கும் போதுவதன்று. தந்தையின் பொருளால் நகரில் உறையக் கூடியவன் அப்பயிற்சியைப் பெறுகின்றான். விடுமுறையில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் அதனை இழக்கின்றான். இருவரும் ஒரே பட்டம் பெற்று வெளிவரினும், வேலை தருவோர் முன்னவனையே நாடுவர். எனவே கட்டணத்தை மட்டும் நீக்கும் உபகாரச் சம்பளம் வாயிலைத் திறந்துவிட்டுப் படியை எடுத்துவிடுவதை ஒக்கும்.

இத்துறைக்குப் பெருநிதி வைத்தாருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் ஜோசப் புலிட்சர் ஆவர். இவர் 1847ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டில் மாக்கோ என்னும் ஊரிற் பிறந்தவர். உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1864ஆம் ஆண்டில், வட மாநிலங்களின் படையிற் சேர்தற்பொருட்டு அமெரிக்கா சென்றார். போர் முடிந்தபின் கையிற் பொருளின்றிச் செயின்ட் லூயிஸ் நகரை அடைந்து, கிடைத்த வேலைகளைச் செய்து வயிறு வளர்த்தார். அந்நகரத்து நூல்நிலையமே அவர்க்குக் கலாசாலையாயிற்று. 1868ஆம் ஆண்டில் ஆங்கிருந்த ஜெர்மானியப் பத்திரிகையொன்றில் செய்தியாளராக அமர்ந்த அவர், 1878ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு பத்திரிகைக்கும், 1883ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ‘வேர்ல்டு’ என்னும் பத்திரிகைக்கும் உரியவரானார்.

தம் முயற்சியாலேயே உயர்ந்த இவர், ஏனையோரும் அவ்வாறே உயர்க என வாளாவிருந்தாரல்லர். பத்திரிகைத் தொழிலுக்கு ஒரு கலாசாலை வேண்டும் என்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தாரை 1892ஆம் ஆண்டில் அணுகினார். அவர்கள் அப்பொழுது இசைந்திலர். 1903ஆம் ஆண்டில் இசைந்தனர். இருபது லட்சம் டாலர் அளிக்க அவர் உடன்பட்டார். செய்தியாளன் பிறவியிலேயே அமைபவன், பயிற்சியால் ஆக்கப்படுபவன் அல்லன் என்று கூறினார்க்கு, 1904ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், பயிற்சியின்றிப் பிறப்பினாலேயே ஒருவன் சிறக்கும் தொழில் யாதும் இல்லை என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். 1911ஆம் ஆண்டில் அவர் இறந்தார். அக்கலாசாலை 1912ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது. மிசௌரி மாநிலப் பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டிலேயே இத்தகைய கலாசாலையைத் தொடங்கி முந்திக்கொண்டது என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. புலிட்சரின் மரண சாசனத்தில் பரிசுகளோடு, மாணாக்கர் வெளிநாடு சென்று கண்டு வருதற்கு உபகாரச் சம்பளங்களும் குறிக்கப்பட்டிருந்தன. பரிசை உலகம் அறியும். உபகாரச் சம்பளத்தை அறிந்தார் சிலரே. பரிசு, ஓடி முடித்தவனுக்கு மாலை; உபகாரச் சம்பளமோ, ஓடப் புகுவானுக்கு வழியுணவு. இரண்டனுள் பின்னதே அரிய உதவி என்போம்.

1917ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் அப்பரிசை 1937ஆம் ஆண்டில் ஐவர் பகிர்ந்துகொண்டனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முந்நூறாம் ஆண்டு விழாவில் அறிஞர் கூறிய விஞ்ஞானச் செய்திகளைப் பொதுமக்கட்கு விளங்க எழுதியமைக்காக அஃது அளிக்கப்பெற்றது. அவ்வைவருள் ஒருவர் இந்தியரான கோவிந்த பிஹாரி லால் ஆவர். இவர் அமெரிக்கா சென்றதும் ஓர் உபகாரச் சம்பளத்தாலேயே. கலிபோர்னியாவில் உழவு செய்து பொருளீட்டிய ஜுவாலா சிங் என்னும் சீக்கியர், குரு கோவிந்த சிங்கின் பெயரால் 1912ஆம் ஆண்டில் இந்திய மாணாக்கர் சிலர்க்குப் பெர்க்கிலியில் பயில உதவி புரிந்தார். தாம் பெறாத கல்வியைத் தம் நாட்டு இளைஞர் பெறுக என்பது அவ்வுழவர் விருப்பம். செய்தித் தொழிலுக்கென்று அவர் அதனை அளித்தாரல்லர். எனினும் அவ்விதை செய்தித் துறையிலே ஒரு மரமாயிற்று. உபகாரச் சம்பளம் அளிப்போர் விளைவை முன்னரே அளந்து கட்டுப்படுத்தலாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மற்றொரு வகை உதவியும் உண்டு. மில்வாக்கி நகரத்தில் பத்திரிகை நடத்திய லூசியஸ் நீமன் என்பார் மறைந்தபின், அவர் மனைவியார் ஆக்னஸ் நீமன் பத்திரிகைத் தொழிலின் தரம் உயர்தற்கென்று ஹார்வர்டுக்குப் பெருநிதி எழுதிவைத்து மறைந்தார். அப்பல்கலைக்கழகத்தார் புதியதொரு கலாசாலை அமைத்திலர். ஏற்கெனவே தொழிலில் உள்ள செய்தியாளரை ஓராண்டுக்கு வரவழைத்துத் தாம் விரும்பிய கலைகளைப் பயிலுமாறு செய்தனர். 1938ஆம் ஆண்டில் ஒன்பதின்மர் முதலில் வந்தனர். அவ்வாண்டின் முடிவிற் பட்டம் இல்லை. நாள்தோறும் அச்சுக்கு எழுதி அலுத்தவனுக்கு ஓராண்டு ஓய்ந்து சிந்திக்கும் உரிமையே அவ்வுதவியின் பயன்.

மூன்றாவது, வானொலி தொலைக்காட்சித் துறையைச் சார்ந்தது. டேவிட் லெட்டர்மேன் என்னும் புகழ்பெற்ற தொலைக்காட்சியாளர் இந்தியானா மாநிலத்துப் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1969ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். மாணாக்கப் பருவத்தில் தேர்வு மதிப்பெண்களால் பெயர் பெற்றவரல்லர். 1985ஆம் ஆண்டில் தாம் பயின்ற கலாசாலையில் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியபோது, மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொள்ளாது, மாணாக்கர் தாமே ஆக்கிக் காட்டும் படைப்பையே கொள்ளுமாறு அமைத்தார். நகைப்புக்கு இடமாகச் சிலர்க்கு இது தோன்றலாம். ஆயின் செய்தி தேடுதலும், கேள்வி கேட்டலும், கேட்டதைத் தெளிவுறச் சொல்லுதலும் மூன்று மணி நேரத் தேர்வில் முற்றும் வெளிப்படுவனவோ? தொழிலுக்கு உரிய திறத்தைத் தொழிலாலேயே அளத்தல் முறையாகும்.

இவ்வரலாறுகளினின்றும் மூன்று நெறிகள் பெறப்படும். முதலாவது, தேர்ந்தெடுக்கும்போது வறுமையையும் படைப்புத் திறத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். மதிப்பெண் ஒன்றே அளவாகலாகாது. இரண்டாவது, கட்டணத்தோடு நகரில் உறையும் செலவையும் பயிற்சிக் காலச் செலவையும் உதவி தாங்குதல் வேண்டும். மூன்றாவது, பொருள் கொடுத்தவர் பேனாவை விலைக்கு வாங்கினார் ஆகார். இம்மூன்றாம் நெறி பிற துறைகளினும் இத்துறைக்கே மிக இன்றியமையாதது. என்னை? உதவி பெற்றவன் நாளை உதவியவரைப் பற்றியே உண்மை எழுத நேரலாம். அன்று அவன் நாணி வாய் மூடுவானாயின், அவ்வுதவி நாவை அளித்ததாகாது, அதனைக் கட்டியதேயாம். ஆதலின் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைக் கொடையாளர் தம் கையில் வைத்துக்கொள்ளாது கலாசாலையின் குழுவினர்பால் ஒப்புவித்தல் சாலச் சிறந்தது.

நம் நாட்டிலும் வழிகள் இல்லாமல் இல்லை. பட்டியல் சாதியினர்க்கு 1944ஆம் ஆண்டு முதற்கொண்டு வழங்கப்பட்டுவரும் அரசாங்க உபகாரச் சம்பளம், பள்ளிப் படிப்பிற்கு மேற்பட்ட கல்விக்கு உரியது. செய்தித் துறைப் படிப்பு அங்கீகாரம் பெற்றதாயின் அதனைப் பயில்வாரும் பெறலாம். தக்க மாணாக்கர் இதனை அறியாது இழத்தல் கூடாது. விண்ணப்பிப்போர், தாம் எழுதி அச்சானவற்றை நாள் குறித்துச் சேர்த்து வைக்க. விதிகளை முற்றும் படித்து, படிப்பு முடிந்தபின் இன்னாரிடமே இத்தனை ஆண்டு வேலை செய்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு உளதோ என ஆராய்ந்த பின்னரே கையொப்பமிடுக.

இறுதியாக, பழைய மாணாக்கராகிய பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். நிலைநிதி என்பது முதலைத் தொடாது வட்டியை மட்டும் வழங்குவது. நூற்றுக்கு ஆறு வட்டி கிடைக்குமாயின், பத்து லட்சம் ரூபாய் நிதி ஆண்டுதோறும் அறுபதினாயிரம் ரூபாய் தரும். கோடை விடுமுறையில் ஒரு மாணாக்கனோ மாணாக்கியோ நகரத்துப் பத்திரிகை நிலையத்தில் தங்கிப் பயில அது போதும். நூறு பேர் ஆளுக்குப் பதினாயிரம் அளிப்பின் அந்நிதி நிறைவுறும். கிறிஸ்துநாதர் உரைத்த தாலந்து உவமையில், பெற்றதை மண்ணிற் புதைத்தவனே கடியப்பட்டான். ஊர்ப்புறத்துப் பிள்ளை ஒருவனுடைய சொல்லாற்றல் வறுமை என்னும் மண்ணிற் புதையுண்டு கிடப்பின், அக்குற்றம் அவனுடையதன்று. தோண்டி எடுக்கக் கூடியவராயிருந்தும் வாளாவிருந்த நம் அனைவருடையதுமாம். நம் கலாசாலை அப்பழிக்கு ஆளாகாதிருக்குமாக.