விடிலிக் கோடை

பங்குனி பிறந்துவிட்டால், உடன்குடி, சாயல்குடிப் பக்கத்துப் பனையேறிக் குடும்பங்களை வீட்டில் தேடிப் பயனில்லை. “எல்லாரும் விளையிலல்லா கெடக்காவ” என்று பக்கத்து வீட்டு ஆச்சி கை காட்டுவார். பனைகளுக்கு நடுவே ஓலை வேய்ந்த குடிசை ஒன்று புகைந்துகொண்டிருக்கும். அதுதான் விடிலி. ஆடி வரைக்கும் அடுப்பும் குடும்பமும் அங்கேதான்.

கருப்பட்டி ஏன் இந்த விலை விற்கிறது என்று கேட்கிறவர்களுக்கு அந்த விடிலியைப் பற்றிச் சொன்னால் போதும். காப்பியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

விடியுமுன்னே ஆண் மரமேறுகிறார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்ட வேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டாலும் ஊறல் குறைந்துவிடும். அதனால் காய்ச்சலானாலும் ஏறத்தான் வேண்டும். காலையும் மாலையுமாக முப்பது நாற்பது பனை ஏறுகிறவர்கள் உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். வடிவது இனிப்பு நீர்; வெயிலில் சும்மா விட்டால் நொதித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரம் அந்த நொதிப்பைத் தடுக்கிறது. பதநீர் பதநீராகவே இறங்குவது அதனால்தான்.

இறக்கியதும் வேலை பெண்ணின் கைக்கு மாறுகிறது. வெளியே சித்திரை வெயில், உள்ளே தீ. காய்ந்த ஓலையையும் மட்டையையும் தள்ளித் தள்ளி மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டும். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் நுரை அடங்கும். நிறம் சிவந்து, பாகு இறுகி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் உருண்டு வர வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அடிபிடித்துக் கசக்கும். பதம் பார்த்து இறக்கித் துடுப்பால் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுவார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். மரமேறுகிறவரின் உழைப்பைப் பேசுகிற நாம், இந்த அடுப்படி உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எனக்கு அது பெரிய ஆற்றாமை.

உறவுச் செய்திகளெல்லாம் அந்த அடுப்பைச் சுற்றித்தான். மூத்தவளுக்கு மாப்பிள்ளை வந்த சேதி, சின்னவனின் பத்தாம் வகுப்பு மார்க்கு, சென்னையில் கடை வேலைக்குப் போன கொழுந்தன் கோயில் கொடைக்கு வருவானா மாட்டானா என்ற கவலை, எல்லாம் துடுப்பு நகர நகரப் பேசித் தீரும். கல்யாணத்தை ஆவணிக்குத்தான் வைப்பார்கள். அதற்குள் கருப்பட்டி விற்ற காசு கைக்கு வந்து, வாங்கிய முன்பணமும் கழிந்திருக்க வேண்டும்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சீனிப்பாகு கலந்த சரக்கு சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. சீனி கலவாத கருப்பட்டியை அந்த விலைக்குக் கொடுக்க எந்த விடிலியாலும் முடியாது. அடுத்தமுறை வாங்கும்போது கலப்பில்லாததுதானா என்று கேளுங்கள். அதற்குச் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.